நாலு மணிக்கு எழுந்தால்தான் படிப்பு ஏறுமா?

அரைத்தூக்கம் | இரவு 10.52

எங்கள் குடும்பக் குழுவில் ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. பள்ளி இறுதியாண்டில் இருப்பவர்களுக்கு அறிவுரையாம். சாரம் இவ்வளவுதான்: இரவு பத்து மணிக்கு மேல் படித்தது விடிவதற்குள் மறந்துவிடும், அதிகாலை நாலு மணிக்கு எழுந்து படித்தது ஆயுசுக்கும் மறக்காது, ஏனென்றால் அந்த நேரத்தில் மூளை காலியாக இருக்கும். சித்தப்பா அனுப்பினார், அத்தை அனுப்பினார். அப்பா அனுப்பியதோடு நிற்காமல் சத்தமாக வாசித்தும் காட்டினார்.

மூளை காலியாக இருக்கும் என்றால் நேற்று படித்ததெல்லாம் எங்கே போனது என்று கேட்டேன். எதிர்த்துப் பேசுகிறேனாம்.

என் கணக்கைச் சொல்கிறேன். பள்ளி முடிந்து, சிறப்பு வகுப்பும் முடிந்து வீட்டுக்கு வரும்போதே இருட்டிவிடுகிறது. மறுநாள் காட்ட வேண்டியதை எழுதி முடித்துப் படுக்க பதினொன்றரை ஆகிறது. நாலு மணிக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016ல் சொன்னது. அந்தக் கணக்குப்படி நான் நாலு மணிக்கு எழ வேண்டுமென்றால் எட்டு மணிக்குப் படுக்க வேண்டும். எட்டு மணிக்கு நான் பள்ளிச் சீருடையையே கழற்றியிருக்க மாட்டேன்.

அப்புறம், அது ஏன் சரியாக நாலு? மூன்றரைக்கு என்ன குறை? ஐந்தே காலுக்கு என்ன குறை? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

சாக்பீஸ் | இரவு 11.20

தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் சொல்கிறேன். என்னிடம் படித்து முதலிடம் வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் நாலு மணிப் பிள்ளைகள். விதிவிலக்கு கிடையாது. அந்தப் பதிவை எழுதியவர் யாரோ, அனுபவசாலி. ‘மூளை காலி’ என்பதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொண்டு கிண்டல் செய்கிறீர்கள். சுற்றிலும் சத்தம் இல்லை, தொந்தரவு இல்லை, மனம் அலையாது என்பது அதன் பொருள்.

பதினொன்றரை வரை எழுதுகிறேன் என்கிறீர்கள். அதில் கைப்பேசிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதவில்லையே. இந்தப் பதிவை எழுதவே கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

கடைசி பெஞ்ச் | இரவு 11.31

ஐயா, முதலிடம் வந்தவர்களிடம் எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி. கடைசி இடம் வந்தவர்களிடம் கேட்டீர்களா? நானும் நாலு மணிப் பிள்ளைதான். என்னையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாக்பீஸ் | இரவு 11.36

நாலு மணிக்கு எழுவது வேறு. நாலு மணிக்கு யாரோ எழுப்பிவிட்டு உட்கார்ந்தபடியே தூங்குவது வேறு. உங்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பது உங்கள் பெயரிலேயே இருக்கிறது.

இரவுப்பணி | இரவு 12.15

மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் சிறு பிள்ளைகளுக்குச் சுரப்பதைவிட இவர்களுக்குத் தாமதமாகச் சுரக்கிறது. அதனால் பதினேழு வயதுப் பையனை ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மக்களிடம் எடுத்து 2004ல் வெளியான ஓர் ஆய்வில், தூங்கும் நேரம் வளரிளம் பருவம் முழுக்கத் தள்ளித் தள்ளிப் போய், இருபது வயதை ஒட்டி உச்சம் தொட்டு, அதற்கப்புறம்தான் முன்னால் வரத் தொடங்குகிறது என்று கண்டார்கள். இதைச் சோம்பல் என்று திட்டுவதில் நியாயமில்லை.

இன்னொன்று. கனவுத் தூக்கம் இரவின் பின்பகுதியில்தான் அதிகம் வரும். தாமதமாகப் படுத்தவனை நாலு மணிக்கு எழுப்பினால் அதுதான் வெட்டுப்படும்.

‘இரவில் படித்தது விடிவதற்குள் மறந்துவிடும்’ என்பதும் தலைகீழ். 1924லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, அதே அளவு நேரம் தூங்கியபின் ஒருமுறையும் விழித்திருந்தபின் ஒருமுறையும் கேட்டார்கள். தூங்கியபின்தான் அதிகம் நினைவில் இருந்தது.

சாக்பீஸ் | இரவு 12.34

எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்று சொல்லவில்லையே சகோதரி. எனக்கும் தேடத் தெரியும். இரண்டு மாணவர்கள். இரண்டே இரண்டு பேர். நூறு வருடமாக உலகம் முழுக்க இந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தூங்கச் சொல்கிறார்கள். நான் பார்த்தது எத்தனை தலைமுறைப் பிள்ளைகளை!

இரவில் வேலை பார்க்கிறவருக்கு விடியற்காலையின் அருமை எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

இரவுப்பணி | இரவு 12.41

கேட்டுவிட்டுக் கேட்கவில்லை என்கிறீர்கள். அந்தச் சோதனையில் இரண்டு பேர்தான், உண்மை. அதற்கப்புறம் பல ஆய்வகங்களில், பல வகைப் பாடங்களை வைத்து, அதே திசையில் முடிவு வந்திருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சாக்பீஸ் | இரவு 12.50

முதல் கல்லே இரண்டு பேர். மேலே எத்தனை மாடி கட்டினால் என்ன?

நடுப்பக்கம் | இரவு 1.05

வந்துவிட்டார் ஐயா. ‘என் மாணவர்கள்’, ‘என் அனுபவம்’. கையெழுத்து அழகாக இருந்தால் மதிப்பெண் கூடுமா என்று இங்கே ஒரு விவாதம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கும் இதே பாட்டுதான். முதலிடம் வந்த அத்தனை பேருக்கும் முத்து முத்தான கையெழுத்து என்றீர்கள். ஒரு விடைத்தாளின் படமாவது போடுங்கள் என்று கேட்டேன். இன்று வரை வரவில்லை. இப்போது அதே பிள்ளைகள் நாலு மணிக்கும் எழுந்துவிட்டார்கள்.

சாக்பீஸ் | இரவு 1.12

விடைத்தாள் என் வீட்டுச் சொத்து இல்லை, படம் போட. அந்த விவாதத்தில் உங்கள் எழுத்துப்பிழைகளை நான் சுட்டிக்காட்டியதிலிருந்து உங்களுக்கு என்மேல் கோபம். அது எல்லோருக்கும் தெரியும். இங்கே பேச்சு நாலு மணியைப் பற்றி.

நடுப்பக்கம் | இரவு 1.14

மணி இப்போது ஒன்று பதினான்கு, சாக்பீஸ் அவர்களே. இன்னும் மூன்று மணி நேரத்தில் எழுந்துவிடுவீர்களா?

கடைசி பெஞ்ச் | இரவு 1.16

ஹா ஹா ஹா. ஐயாவின் மூளை இப்போதே காலியாகிக்கொண்டிருக்கிறது.

சாக்பீஸ் | இரவு 1.25

வயதானவனுக்குத் தூக்கம் குறைவு. அதைக் கேலி செய்கிறவர்களுக்கும் வயதாகும். நான் எப்போது படுக்கிறேன் என்பது விவாதப் பொருள் அல்ல, ஏனென்றால் நான் எந்தப் பரீட்சையும் எழுதப் போவதில்லை. எழுதப் போகிறவர்கள் நாலு மணிக்கு எழ வேண்டும். அவ்வளவுதான்.

விடிவெள்ளி | அதிகாலை 4.08

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. நானும் இறுதியாண்டுதான். இப்போது எழுந்து முகம் கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒருநாளும் தவறியதில்லை. வகுப்பில் முதல் இடம் என்னுடையதுதான். மனது இருந்தால் யாராலும் முடியும். முடியாதவர்கள்தான் மெலடோனின், ஜெர்மனி என்று காரணம் தேடுகிறார்கள்.

அரைத்தூக்கம் | காலை 7.02

எத்தனை மணிக்குப் படுக்கிறாய் நண்பா?

விடிவெள்ளி | காலை 7.10

ஒன்பதுக்கு. பள்ளி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நான் சிறப்பு வகுப்புக்கும் போவதில்லை. தேவையே படவில்லை.

அரைத்தூக்கம் | காலை 7.13

அப்படியென்றால் உனக்கு ஏழு மணி நேரத் தூக்கம் கிடைக்கிறது. உன்னைக் காப்பாற்றுவது ஒன்பது மணிதான். நாலு மணிக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. எனக்கும் ஒன்பது மணியைக் கொடு, நானும் எழுகிறேன்.

சாக்பீஸ் | காலை 7.30

ஒன்பது மணியை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்க மாட்டார்கள் தம்பி. நாலு மணிக்கு எழத் தொடங்கினால் ஒன்பது மணிக்குத் தானாகத் தூக்கம் வரும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எழுவதுதான் முதல், படுப்பது அப்புறம். விடிவெள்ளிக்கு என் வாழ்த்துகள். இப்படிப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள் என்பது ஆறுதல்.

அரைத்தூக்கம் | காலை 7.33

ஒன்பது மணிக்குத் தூக்கம் வரும், வேதியியல் செய்முறை ஏட்டை யார் எழுதுவது?

சாக்பீஸ் | காலை 7.35

நாலு மணிக்கு எழுந்து எழுதுங்கள்.

நிழல்மரம் | காலை 11.40

இறுதியாண்டு படிக்கிற பெண்ணின் அம்மா நான். சார் சொல்வதைக் கேட்டுத்தான் நாங்களும் ஆரம்பித்தோம். அவளை எழுப்புவதற்காக நான் மூன்றே முக்காலுக்கு எழுந்துகொள்கிறேன். மேசையில் உட்காருகிறாள், புத்தகம் திறந்திருக்கிறது, கண்ணும் திறந்திருக்கிறது. அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் அதே பக்கம். திட்டினால் அழுகிறாள். திட்டாமல் விட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. மதிப்பெண் குறைந்தால் ‘நீதான் தூங்கவிட்டுக் கெடுத்தாய்’ என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன், இதை நிறுத்தலாமா வேண்டாமா?

சாக்பீஸ் | நண்பகல் 12.05

நிறுத்தவே கூடாது. எழுந்தவுடன் புத்தகத்தைக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். முதலில் கணக்கு போடச் சொல்லுங்கள். பேனா ஓடினால் தூக்கம் ஓடிவிடும்.

இரவுப்பணி | மாலை 3.20

நிழல்மரம் அக்கா, எழுந்ததும் மூளை உடனே முழு வேகத்துக்கு வராது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பினால் அந்த மந்தம் அரை மணி வரைகூட நீளும். தூக்கக் கடன் ஏறி இருந்தால் இன்னும் மோசம். உங்கள் பெண் ஏமாற்றவில்லை. ஒரு வாரம் ஆறு மணி வரை தூங்கவிட்டு, மாலையில் அவளிடம் புத்தகத்தை மூடிவைத்துக் கேள்வி கேட்டுப் பாருங்கள்.

பொதுவாகவும் ஒன்று கேட்கிறேன். இங்கே எல்லோரும் ‘படிப்பது’, ‘படிப்பது’ என்கிறோம். திரும்பத் திரும்ப வாசிப்பதைச் சொல்கிறோமா, மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பதையா? ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006ல் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். எந்த மணிக்கு என்பதைவிட எப்படி என்பது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

சாக்பீஸ் | மாலை 3.44

பார்க்காமல் எழுதிப் பார்க்க வேண்டும் என்பதை நான் கரும்பலகை காலத்திலிருந்து சொல்லி வருகிறேன். அதற்கு 2006 வரை காத்திருக்கத் தேவையில்லை. அதையும் நாலு மணிக்குச் செய்தால் இரட்டைப் பலன்.

நடுப்பக்கம் | மாலை 4.02

எது சொன்னாலும் கடைசியில் ‘நாலு மணிக்கு’ என்று ஒட்டிவிடுகிறார். பல்வலி என்றாலும் நாலு மணிக்கு எழுந்து பாருங்கள் என்பார்.

விடிவெள்ளி | மாலை 5.15

நிழல்மரம் அம்மா, தவறாக நினைக்காதீர்கள். நீங்கள் எழுப்புவதுதான் பிரச்சினை. என்னை யாரும் எழுப்புவதில்லை. ஒழுக்கம் உள்ளிருந்து வர வேண்டும்.

நிழல்மரம் | மாலை 5.40

உன் ஒழுக்கத்தை நீயே வைத்துக்கொள் கண்ணு. என் பெண் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து பள்ளிக்குப் போகிறாள். பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது ஒழுக்கத்தில் சேராது.

அரைத்தூக்கம் | இரவு 9.48

வந்து பார்த்தால் இவ்வளவு ஓடியிருக்கிறது. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அது ஏன் சரியாக நாலு?

ராத்திரி ஒரு காப்பியைக் குடித்துவிட்டு பன்னிரண்டு வரை உட்கார்ந்தால் எனக்கு ஓடுகிறது. நேற்று அப்படித்தான் ஓர் இயற்பியல் பாடம் முடித்தேன். காலையில் மறக்கவில்லை. மறந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இரவுப்பணி | இரவு 9.59

அந்தக் காப்பியை விடு தம்பி. ஒருவர் உடம்பில் இருக்கிற கஃபீனில் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பதரைக்குக் குடித்தால் இரண்டரைக்கும் பாதி உள்ளே இருக்கும். நீ தூங்கினாலும் அது நல்ல தூக்கமாக இருக்காது.

அரைத்தூக்கம் | இரவு 10.04

அக்கா, நீங்கள் என் பக்கம் என்று நினைத்தேன். எல்லோருக்கும் அறிவுரை சொல்ல ஓர் இறுதியாண்டு மாணவன் வேண்டியிருக்கிறது.

சாக்பீஸ் | இரவு 10.11

பார்த்தீர்களா, காப்பி வந்துவிட்டது. இரவில் படிக்கக் காப்பி தேவைப்படுகிறது. நாலு மணிக்கு எதுவும் தேவையில்லை. வழக்கு முடிந்தது.

கடைசி பெஞ்ச் | இரவு 10.20

வழக்கு முடியவில்லை, சாட்சி ஒருவர் பாக்கி. ராண்டி கார்ட்னர் என்று ஒரு பள்ளி மாணவர். அமெரிக்காவில் சான் டியேகோக்காரர். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 1963 டிசம்பர் கடைசியில் தூங்காமல் இருக்கத் தொடங்கி, 1964 ஜனவரி வரை, மொத்தம் 264 மணி நேரம் விழித்திருந்தார். பதினோரு நாள். கடைசி நாளில் அவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார்கள். 65 வரை வந்து நின்றுவிட்டார். ஏன் நிறுத்தினாய் என்றால், என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றார். தூக்கத்தைத் திருடினால் கணக்கு இப்படித்தான் வரும், கணக்கு ஐயா.

சாக்பீஸ் | இரவு 10.33

நூறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து. ஐந்து கழித்தல், ஐந்தும் சரி! பதினோரு நாள் தூங்காத பையன் ஒரு பிழையில்லாமல் போட்டிருக்கிறான். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து கால்குலேட்டரைத் தேடுகிற கூட்டத்தை எனக்குத் தெரியும். நீங்கள் கொண்டுவந்த சாட்சி என் பக்கம் பேசிவிட்டது.

நடுப்பக்கம் | இரவு 10.37

இவர் ஆசிரியராக இருந்தபோது விடைத்தாள் திருத்திய விதம் இப்போது புரிகிறது.

சாக்பீஸ் | இரவு 10.40

உங்கள் விடைத்தாளைத் திருத்தும் துரதிர்ஷ்டம் எனக்கு வாய்க்கவில்லை.

மைக்கறை | இரவு 11.25

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். நானும் இறுதியாண்டு. எனக்கு நாலு மணியும் பிரச்சினை இல்லை, பதினொன்றும் பிரச்சினை இல்லை. எப்போது படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. அடுத்து என்ன படிக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். வீட்டில் ஒன்று சொல்கிறார்கள், எனக்கு வரலாறு பிடிக்கும். வரலாறு படித்து என்ன செய்வாய் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. பதினேழு வயதில் எழுதுகிற ஒரு வரி வாழ்க்கை முழுக்க வருமா? கூடவே படித்த தோழி வேறு ஊருக்குப் போகிறாள். மாதிரித் தேர்வில் நன்றாகத் தெரிந்த கேள்விக்குக் கை நின்றுவிட்டது, வெளியே வந்ததும் பதில் வந்தது. இது எனக்கு மட்டும்தானா? யாரிடமும் கேட்க முடியாமல் இங்கே கேட்கிறேன்.

சாக்பீஸ் | இரவு 11.32

எத்தனை மணிக்கு எழுகிறாய் அம்மா?

கடைசி பெஞ்ச் | இரவு 11.33

ஐயா!

இரவுப்பணி | இரவு 11.50

மைக்கறை, உனக்கு மட்டும் இல்லை. கவலை வந்தால் அது மனதில் கணக்கு போடுகிற இடத்தையே பிடித்துக்கொள்கிறது. தெரிந்த பதில் அப்போது வராது, பதற்றம் இறங்கியதும் வந்துவிடும். ராமிரெஸ், பைலாக் என்ற இருவர் 2011ல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தேர்வுக்குச் சற்று முன்னால் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள், குறிப்பாக அதிகம் பதறுகிறவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். முயன்று பார். படிப்பை மாற்றியவர்களை, பாதியில் வேறு துறைக்குப் போனவர்களை என் வேலையிடத்திலேயே நிறையப் பார்க்கிறேன். ஒரு வரியில் வாழ்க்கை முடிவதில்லை.

சாக்பீஸ் | இரவு 12.02

தேர்வுக்கு முன்னால் பத்து நிமிடம் பயத்தை எழுதுவதா! அந்தப் பத்து நிமிடத்தில் ஐந்து சூத்திரம் பார்த்துவிடலாம். நாலு மணிக்கு எழுந்து படித்த பிள்ளைக்குப் பயமே வராது, அப்புறம் எதை எழுதும்?

நடுப்பக்கம் | இரவு 12.06

ஒரு பெண் பயமாக இருக்கிறது என்று வந்து சொல்கிறாள், நீங்கள் சூத்திரம் என்கிறீர்கள். உங்கள் வகுப்பில் உட்கார்ந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சாக்பீஸ் | இரவு 12.15

என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இன்றைக்கும் வீடு தேடி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். உங்களை யார் தேடி வருகிறார்கள் என்று கேட்கும் அளவுக்கு நான் கீழே இறங்க மாட்டேன். கையெழுத்து விவாதத்திலும் இப்படித்தான், வாதம் தீர்ந்ததும் தனிமனிதத் தாக்குதலுக்கு வந்தீர்கள்.

நடுப்பக்கம் | இரவு 12.19

கையெழுத்து விவாதத்தில் விடைத்தாள் படம் கேட்டது தனிமனிதத் தாக்குதலா? இப்போதும் கேட்கிறேன். படம் எங்கே?

அரைத்தூக்கம் | காலை 6.50

மைக்கறை, எனக்கும் அதே விண்ணப்பம்தான். நான் பொறியியல் என்று எழுதிவிட்டேன், அப்பா பக்கத்தில் நின்றார். பிடிக்குமா என்று தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளை நாலு மணிக்கு எழுப்புவதைவிடப் பள்ளியைத் தாமதமாகத் தொடங்கலாம் என்று யாருமே ஏன் சொல்வதில்லை? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2014லேயே, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இரவுப்பணி | காலை 9.15

ஆமாம். அதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். சியாட்டில் நகரத்தில் 2016ல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50லிருந்து 8.45க்கு மாற்றினார்கள். மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தபோது, பள்ளி நாள்களில் சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று தெரிந்தது. பள்ளி தாமதம் என்றால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்று பெரியவர்கள் பயந்தது அவ்வளவாக நடக்கவில்லை.

சாக்பீஸ் | காலை 9.40

7.50லிருந்து 8.45. ஐம்பத்தைந்து நிமிடம். தூங்கியது முப்பத்து நாலு. மீதி இருபத்தொரு நிமிடம் எங்கே போனது?

இரவுப்பணி | காலை 9.52

காலையில் அவசரமில்லாமல் கிளம்பியிருக்கலாம், கொஞ்சம் தாமதமாகப் படுத்திருக்கலாம். அரை மணி நேரத் தூக்கம் கூடியது பெரிய விஷயம் சார். ஒரு வாரத்தில் ஐந்து நாளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சாக்பீஸ் | காலை 10.01

நூற்று எழுபது நிமிடம். எனக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டாம். இழந்தது நூற்றைந்து நிமிடம். அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? நான் சொல்கிறேன் எங்கே போனது என்று. கைப்பேசி.

கடைசி பெஞ்ச் | காலை 10.08

நாலு மணியிலிருந்து இருபத்தொரு நிமிடத்துக்கு வந்துவிட்டோம். முன்னேற்றம்தான்.

நிழல்மரம் | நண்பகல் 12.30

கைப்பேசி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள் சார். வீட்டுப்பாடம் வருவதே அதில்தான். நான் பிடுங்கி வைத்தால் வகுப்புக் குழுவில் என்ன போட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் போகிறது. கொடுத்தால் திரும்ப வருவதில்லை. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

விடிவெள்ளி | மாலை 4.50

என்னிடம் கைப்பேசியே இல்லை. அப்பாவுடையதில் பார்க்கிறேன்.

நிழல்மரம் | மாலை 5.02

உன்னைக் கேட்கவில்லை.

அரைத்தூக்கம் | இரவு 8.30

நானும் இரண்டு நாளாகக் கேட்கிறேன். ஏன் நாலு? ஒரே ஒரு காரணம். ‘என் மாணவர்கள்’ என்று தொடங்காமல்.

சாக்பீஸ் | இரவு 8.41

காரணம் கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் படுத்திருந்தால் நாலு மணிக்கு எழுந்திருக்கலாம். சில விஷயங்களைச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவாரம் எழுந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

அரைத்தூக்கம் | இரவு 8.44

எழுந்து பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்!

சாக்பீஸ் | இரவு 8.46

மனதில்லாமல் எழுந்திருப்பீர்கள்.

மைக்கறை | இரவு 9.30

விண்ணப்பத்தில் வரலாறு என்று எழுதிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நடுப்பக்கம் | இரவு 9.34

படம் வரும் வரை இந்த இழையை விட்டு நான் போவதாக இல்லை, சாக்பீஸ் அவர்களே. ஒரே ஒரு விடைத்தாள்.

சாக்பீஸ் | இரவு 9.47

படத்தை விடுங்கள். நான் கேட்ட கேள்விக்குக் காலையிலிருந்து ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஐம்பத்தைந்தில் முப்பத்து நாலு போனால் இருபத்தொன்று. அந்த இருபத்தொரு நிமிடம் எங்கே போனது?